புரை பழுக்கட்டும்

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பெரியவர் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, "கண்ணுல பூ விழுந்துடுச்சு சார்" என்றார். இரண்டு வருடம் படித்துவிட்டு வந்திருந்தேன். நோட்டுப் புத்தகம் முழுக்க இங்கிலீஷ் பெயர்கள். கார்னியல் ஒபாசிட்டி, டெரிஜியம், கேட்டராக்ட், கிளாக்கோமா எல்லாவற்றையும் எழுத்துப் பிழையில்லாமல் எழுதத் தெரியும். பூ மட்டும் அந்த நோட்டில் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோது கருவிழியின் நடுவில் வெள்ளையாக ஒரு தழும்பு. ஓகோ, இதைத்தான் பூ என்கிறாரா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முப்பது வருடத்துக்கு மேல் அந்த வேலை பார்த்தேன். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், கல்வராயன் மலையடிவாரம் என்று சுற்றியவனைப் பலர் "கண்ணு டாக்டர்" என்றே கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை. அரசாங்கக் காகிதத்தில் எங்களுக்குப் பெயர் கண் மருத்துவ உதவியாளர். 1976-ல் மத்திய அரசு தேசியப் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கண் டாக்டர்கள் எல்லாரும் பட்டணத்தில் இருக்க, கண் தெரியாதவர்கள் எல்லாரும் கிராமத்தில் இருந்தார்கள். நடுவில் ஒரு ஆள் வேண்டும் என்று உண்டான பதவிதான் எங்களுடையது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து பார்வையை அளப்பது, கண்ணாடிக்கு எழுதுவது, கண்ணில் விழுந்த தூசி துரும்பை எடுப்பது, ஆபரேஷன் தேவைப்பட்டவரைக் கண்டுபிடித்து அனுப்புவது, பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சோதிப்பது எல்லாம் எங்கள் பொறுப்பு.

அந்த 1976 ஒரு விசித்திரமான வருடம். மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 11 படுக்கையோடு ஒரு வீட்டில் அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தது அதே வருடம். நம் கல்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த ஜாகீர்தார் ஆட்சியை அரசு எடுத்துக்கொண்டதும் அதே 1976-தான். நாடு சுதந்திரம் பெற்று 29 வருடம் கழித்துத்தான் அந்த மலை மக்கள் அரசாங்கத்தின் நேரடிக் குடிமக்கள் ஆனார்கள். நான் மலையேறிப் போன காலத்தில், சர்க்கார் ஆள் என்றாலே கொஞ்சம் எட்டி நின்று பார்க்கும் பழக்கம் வயதானவர்களிடம் இன்னும் இருந்தது. அவர்கள் கண்ணுக்குள் டார்ச் அடிக்க வேண்டுமானால் முதலில் அவர்கள் பேச்சு நமக்குப் புரிய வேண்டும்.

எங்கள் பாடத்தில் முதல் பாடம் பார்வையை அளப்பது. சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்து டாக்டர் ஹெர்மன் ஸ்நெல்லன் 1862-ல் கொண்டுவந்தது. 6 மீட்டர் தூரத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். சாதாரணக் கண் 6 மீட்டரில் படிக்கிற வரியை இவரும் 6 மீட்டரில் படித்தால் 6/6. சாதாரணக் கண் 60 மீட்டர் தள்ளி நின்றே படித்துவிடும் அந்தப் பெரிய எழுத்தை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறார் என்றால் 6/60. மேலே இருப்பது இவர் நிற்கும் தூரம், கீழே இருப்பது நல்ல கண் நிற்கும் தூரம். இதைப் பின்னக் கணக்கு என்று நினைத்து, "எனக்கு அறுபதுக்கு ஆறு மார்க்குதானா?" என்று வருத்தப்பட்ட வாத்தியார் ஒருவரும் உண்டு. நான் இருந்த சுகாதார நிலையத்தில் 6 மீட்டர் நீளமுள்ள அறையே கிடையாது. வராந்தாவில் அட்டையை மாட்டி, ஊசி போட வந்த பிள்ளைகளை ஓரமாக நிற்க வைத்துத்தான் சோதனை.

எழுத்துத் தெரியாதவர்களுக்கு இங்கிலீஷ் 'ஈ' எழுத்தை நாலு திசையிலும் திருப்பிப் போட்ட அட்டை. "இந்தச் சீப்போட பல்லு எந்தப் பக்கம் பாக்குது, கையால காட்டுங்க" என்று கேட்டால் போதும். மலையில் ஒருவர் "கதவு எந்தப் பக்கம் தொறந்திருக்குன்னு கேளு சாமி, சொல்றேன்" என்றார். அதற்குப் பிறகு நானும் கதவு என்றே கேட்கத் தொடங்கிவிட்டேன்.

பெரிய எழுத்தும் தெரியாதவருக்கு முன்னால் விரலை நீட்டி எத்தனை என்று கேட்போம். அதுவும் தெரியாவிட்டால் கையை ஆட்டி, அசைவது தெரிகிறதா என்று கேட்போம். அதுவும் இல்லையென்றால் ஒரு கண்ணை நன்றாக மூடிவிட்டு மறு கண்ணில் டார்ச் வெளிச்சத்தை மேலே, கீழே, இடம், வலம் என்று நாலு பக்கமிருந்தும் காட்டி, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்போம். நாலு பக்கமும் சரியாகச் சொன்னால் உள்ளே விழித்திரையும் நரம்பும் உயிரோடு இருக்கின்றன, முன்னால் மறைத்திருப்பதை எடுத்தால் பார்வை வரும் என்று நம்பலாம். எந்தப் பக்கமும் தெரியவில்லை என்றால் சீட்டில் 'நோ பி.எல்.' என்று எழுத வேண்டும். வெளிச்சம் உணரவில்லை என்பதன் சுருக்கம். சீட்டை எட்டிப் பார்க்கும் மகனோ மருமகளோ "என்னா சார் எழுதியிருக்கு?" என்று கேட்பார்கள். அந்த இரண்டெழுத்துக்குத் தமிழ் சொல்வதுதான் அந்த வேலையிலேயே கஷ்டமான காரியம்.

இனி ஊர்ச் சொற்களுக்கு வருகிறேன். கண்ணின் நடுவில் இருக்கிற கறுப்பு வட்டத்தை நம் பெண்கள் 'கண்ணுப் பாப்பா' என்பார்கள். பழைய தமிழில் பாவை. பாவை என்றால் பொம்மை. எதிரே இருப்பவர் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் நம் உருவமே சின்னப் பொம்மையாகத் தெரிகிறது அல்லவா, அதிலிருந்து வந்த பெயர். வள்ளுவர் காமத்துப்பாலில் கருமணிக்குள் இருக்கும் இந்தப் பாவையோடு பேசுகிறார். வேடிக்கை என்னவென்றால், எங்கள் நோட்டில் 'பியூப்பில்' என்று எழுதியிருந்தோமே, அதுவும் லத்தீனில் சின்னப் பொம்மை, சின்னப் பெண் என்று அர்த்தம் தரும் சொல்லிலிருந்து வந்ததுதான். சொட்டு மருந்து விடும்போது "பாப்பா விரியணும் ஆயா, கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கோங்க" என்றால் அதற்கு மேல் விளக்கமே தேவைப்படாது.

ஆனால் 'கருவிழி' தகராறு பிடித்த சொல். பாடப் புத்தகம் கார்னியாவைக் கருவிழி என்கிறது. உண்மையில் அது கண்ணாடி போலத் தெளிவானது. பின்னால் இருக்கும் கறுப்பு அதன் வழியாகத் தெரிவதால் கருவிழி. அந்தக் கண்ணாடியில் காயம் பட்டு ஆறினால் வெள்ளைத் தழும்பு விழும். அதுதான் என் முதல் வாரத்துப் பெரியவர் சொன்ன பூ.

பூ பெரும்பாலும் அறுவடைக் காலத்தில் விழும். நெல் அறுக்கும்போதோ தூற்றும்போதோ சுனை கண்ணில் பட்டுவிடும். பக்கத்தில் இருப்பவர் நாக்கால் துழாவி எடுப்பார். இன்னொருவர் இலைச்சாறு பிழிந்து விடுவார். தாய்ப்பால் விடுவதும் உண்டு. அதோடு பூஞ்சைக் கிருமியும் சேர்ந்துகொண்டால் கருவிழி புண்ணாகி, ஆறும்போது வெள்ளையாகப் போய்விடும். 'பூ' என்ற சொல்லில் ஒரு ஆபத்து இருந்தது. பூ என்றால் உதிரும் அல்லவா? "உதிர்றதுக்கு எதாச்சும் மருந்து குடுங்க சார்" என்று கேட்பார்கள். தழும்பு உதிராது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பூ உதிர மருந்து விடுகிறேன் என்பவரைத் தேடிப் போய், மிச்சமிருந்த பார்வையையும் விட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாலைக்கண்ணைப் பொறுத்தவரை நம் முன்னோர் கெட்டிக்காரர்கள். பொழுது சாய்ந்ததும் குழந்தை தட்டுத் தடுமாறுகிறது என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். ஆட்டு ஈரலைச் சுட்டுக் கொடுக்கச் சொன்ன கைவைத்தியமும் சரிதான். ஈரலில் வைட்டமின் ஏ நிறைய. 1863-ல் பிரான்சில் பிட்டாட் என்ற டாக்டர், இந்தக் குழந்தைகளின் வெள்ளைவிழியில் சோப்பு நுரை ஒட்டியது போல ஒரு புள்ளி இருப்பதை எழுதி வைத்தார். அந்தப் புள்ளியைத் தேடித்தான் நாங்கள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனோம். 1970-லிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தரம் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுக்கும் திட்டம் வந்தது. அந்த மஞ்சள் மருந்தை உங்கள் பிள்ளைகள் முகம் சுளித்துக் குடித்தது நினைவிருக்கலாம். நான் ஓய்வு பெறும்போது பிட்டாட் புள்ளியைக் காட்டிச் சொல்லிக்கொடுக்க ஒரு குழந்தை கிடைப்பதே அரிதாகியிருந்தது.

நாற்பது வயதில் ஊசி கோக்க முடியாமல் போவதற்கு இரண்டு பெயர். ஒன்று வெள்ளெழுத்து. இன்னொன்று சாளேசுரம். மராத்தியில் சாளீஸ் என்றால் நாற்பது. தஞ்சாவூரை மராத்தியர் ஆண்ட காலத்துச் சரக்காக இருக்கலாம் என்பது என் ஊகம். நாற்பது வயதானால் வரும் என்று பெயரிலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள். 'கிட்டப்பார்வை', 'தூரப்பார்வை' என்று பிற்பாடு மொழிபெயர்த்துக் கொடுத்த சொற்கள்தான் எங்களைப் படுத்தின. கிட்டப்பார்வை என்றால் கிட்டத்தில் பார்க்க முடியும், தூரத்தில் முடியாது. கேட்பவருக்கோ கிட்டத்தில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும். "கிட்டப் பாக்குறதெல்லாம் நல்லாத்தான சார் தெரியுது!" என்று சண்டைக்கு வருவார்கள். கடைசியில் பெயரை விட்டுவிட்டு, "போர்டு தெரியாத கண்ணு" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கையும் இங்கே சொல்ல வேண்டியது. சின்ன வயதிலேயே கண்ணாடி போட்டோ, நல்ல கண்ணைக் கட்டிவைத்துச் சோம்பேறிக் கண்ணை வேலை வாங்கியோ சரி செய்திருக்கலாம். ஏழெட்டு வயது தாண்டினால் பெரும்பாலும் பலன் இல்லை. அதிர்ஷ்டக்காரப் பையன் என்று கொண்டாடி, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது திருப்பி அனுப்பப்பட்ட பிறகு அழைத்து வருவார்கள்.

இந்தச் சொற்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்று ஓய்வு பெற்ற பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். சித்த மருத்துவ நூல்கள் கண் நோய்களை 96 என்று கணக்குச் சொல்கின்றன. படலம், காசம், குந்தம், திமிரம் என்று வகை பிரிக்கின்றன. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சிக் காலம் 1798 முதல் 1832 வரை) கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை நடத்தி, நோயாளியின் கண்ணைப் படமாக வரைந்து குறிப்பும் எழுதி வைக்கச் செய்தார். அந்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. நாங்கள் ஓ.பி. சீட்டில் கண் படம் போட்டு, பூ எந்த இடத்தில் என்று புள்ளி வைக்கிறோமே, அதே வேலை ஏறக்குறைய 200 வருடத்துக்கு முன்னால் தஞ்சை அரண்மனையில் நடந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிரீன் 1860-களில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்றுக்கொடுத்தார். உடற்கூறு, ரண சிகிச்சை, ரசாயனம் என்று பெரிய பெரிய புத்தகங்களைத் தமிழில் கொண்டுவந்தார். புதுச் சொல் வேண்டும்போது முதலில் தமிழில் தேடு, இல்லாவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் இல்லாவிட்டால்தான் இங்கிலீஷ் என்பது அவர் வழி. தமிழிலேயே படித்து 33 பேர் அவரிடம் டாக்டர் ஆனார்கள். அவருக்குப் பிறகு அந்த வழி தூர்ந்துபோனது. அது தொடர்ந்திருந்தால் பூ விழுந்த பெரியவர் முன்னால் நான் அப்படி முழித்திருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொள்வேன்.

சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-ல் தொடங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகத்திலேயே பழைய கண் ஆஸ்பத்திரி என்பார்கள். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிக்கொண்டு ஒரு வியாதியே ஊர் ஊராகச் சுற்றுகிறது, மெட்ராஸ் ஐ என்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எழும்பூரில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். இந்த நூற்றாண்டு என்று பழக்க தோஷத்தில் எழுதிவிட்டேன், போன நூற்றாண்டு. அவரை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. என் கதையின் முக்கியமான சொல்லுக்கு அவர் மூலமாகத்தான் போக வேண்டும்.

அந்தச் சொல் புரை. கண்ணுக்குள்ளே பிறவியிலிருந்தே ஒரு லென்ஸ் இருக்கிறது. வயதாக ஆக அது மங்கி வெளுப்பதுதான் புரை. இன்று இதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆனால் ஆயிரக்கணக்கான வருடங்களாக உலகத்தில் யாருக்கும் இது சரியாகத் தெரியாது. ஐரோப்பாவில் மேலேயிருந்து ஏதோ நீர் இறங்கிப் பாப்பாவுக்குப் பின்னால் உறைந்துபோகிறது என்று நினைத்து, அருவி என்று பொருள்படும் கேட்டராக்ட் என்று பெயர் வைத்தார்கள். நாம் படலம் என்றோம், மேலே படர்ந்த தோல் என்ற நினைப்பில். 1705-ல் பிரிசோ என்ற பிரெஞ்சு டாக்டர் இறந்துபோன ஒரு சிப்பாயின் கண்ணை அறுத்துப் பார்த்து, மங்கியிருப்பது லென்ஸேதான் என்றார். அதைக் கூடியிருந்த மேதைகள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. நம் ஊரில் இன்றைக்கும் "சதை வளர்ந்திருக்கு, உரிக்கணும்" என்பவர்கள் உண்டு. மூக்குப் பக்கமிருந்து வெள்ளைவிழி மேல் வளர்ந்து வரும் நிஜமான சதை வேறு, புரை வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்.

ஊர் ஊராகப் போகும் பழைய கண் வைத்தியர்கள் புரையை எடுக்கவில்லை. கூர்மையான கருவியைக் கண்ணுக்குள் விட்டு, மங்கிய லென்ஸைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். மறைத்துக்கொண்டிருந்தது விலகியதும் நோயாளிக்குச் சட்டென்று பார்வை வரும். வைத்தியர் கூலி வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பிறகுதான் கண் வீங்கும், சீழ் பிடிக்கும், அழுத்தம் ஏறும். அப்படிக் கெட்டுப்போன கண்கள் எழும்பூருக்கு வந்துகொண்டேயிருந்தன. எலியட் அவற்றை நூற்றுக்கணக்கில் சோதித்துக் குறிப்பெடுத்தார். 1917-ல் லண்டனில் இதைப் பற்றி உரையாற்றி, ஒரு புத்தகமாகவே போட்டார். அந்த வைத்தியர்கள் எல்லாரும் மோசக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் காலத்தில், அந்த ஊர்களில், வேறு யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை.

தள்ளிவிடும் வைத்தியத்துக்கு லென்ஸ் கெட்டியாக இருக்க வேண்டும். இளசாக இருந்தால் கருவிக்குச் சிக்காமல் உடைந்து கரையும். ஆகவே 'பழுக்கட்டும்'. 18-ஆம் நூற்றாண்டில் டேவியல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணை அறுத்து லென்ஸை வெளியே எடுத்துக் காட்டினார். அந்த முறையிலும் முற்றிய புரை சுத்தமாக வெளியே வரும். முற்றாதது ஒட்டிக்கொண்டு உள்ளேயே மிச்சம் நிற்கும். ஆகவே அங்கேயும் 'பழுக்கட்டும்'.

நான் வேலைக்கு வந்தபோது முகாம்களில் செய்தது லென்ஸை உறையோடு முழுசாக எடுக்கிற ஆபரேஷன். அதற்குப் பழுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் வேறொரு சங்கடம். லென்ஸை எடுத்த கண்ணுக்குச் சோடாப் புட்டி அடிப்பாகம் போல +10 கண்ணாடி போட வேண்டும். எங்கள் தலைமுறைக்கு அந்தக் கண்ணாடி நன்றாக நினைவிருக்கும். போட்டுக்கொண்ட தாத்தாவின் கண் நமக்குப் பூதாகாரமாகத் தெரியும். அவருக்கோ உலகமே கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. படி இருக்கும் இடம் ஒன்று, கால் வைக்கும் இடம் ஒன்று. ஒரு கண்ணில் இப்படியும் மறு கண்ணில் சாதாரணமாகவும் தெரிந்தால் இரண்டு உருவமும் சேரவே சேராது. அதனால், இருக்கிற பார்வையில் ஓட்ட முடிந்தவரை ஓட்டட்டும், இரண்டு கண்ணும் நன்றாக மங்கட்டும் என்று டாக்டர்களே தள்ளிப் போட்டார்கள். அதை நோயாளிக்குச் சொல்லச் சுருக்கமான வார்த்தை கையில் தயாராக இருந்தது. "இன்னும் பழுக்கல. பழுக்கட்டும்." நானும் சொன்னேன். ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லியிருப்பேன்.

பிறகு காலம் மாறியது. லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949-லேயே கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டார். உலகப் போரில் விமானி அறையின் மேல்மூடி உடைந்து விமானிகளின் கண்ணுக்குள் புகுந்த பிளாஸ்டிக் துண்டு உடம்போடு ஒத்துப்போனதைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. நம் பக்கத்து ஏழைகளுக்கு அது வந்து சேர இன்னும் நாற்பது வருடம் ஆனது. இறக்குமதி லென்ஸின் விலை அப்படி. 1992-ல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி உள்ளூரிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகு விலை இறங்கியது. 1994-ல் உலக வங்கிக் கடனுதவியோடு ஏழு மாநிலங்களில் புரை ஆபரேஷன் திட்டம் வந்தபோது தமிழ்நாடும் அதில் இருந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் தென்னாற்காடு பிரிந்து நாம் விழுப்புரம் மாவட்டம் ஆகியிருந்தோம். லென்ஸ் உள்ளேயே வைத்துவிட்டால் சோடாப் புட்டி வேண்டாம், உருவம் பெரிதாகாது, ஒரு கண்ணில் மட்டும் செய்தாலும் மறு கண்ணோடு சேரும். வேலைக்குத் தடையாக இருக்கிறதா, அப்போதே செய்துகொள்ளலாம். பழுக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் பழுக்க விடவே கூடாது.

எங்களுக்குப் புதுப் பயிற்சி கொடுத்தார்கள். புது பாரம் கொடுத்தார்கள். பழைய சொல்லைத் திரும்பப் பெற யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையில் மேலே ஏறினால் வெள்ளிமலை. அதற்கும் உள்ளே ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். 1980-களின் கடைசியில் அங்கே ஒரு ஆயாவைச் சோதித்திருந்தேன். இரண்டு கண்ணிலும் புரை, ஆனால் நடமாட முடிந்தது. "இன்னும் பழுக்கல ஆயா, ரெண்டு வருஷம் போகட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம் எனக்கு மாற்றல். ஆறேழு வருடம் கழித்து ஒரு முகாமுக்கு ஆள் சேர்க்க அதே ஊருக்குப் போனேன். ஆயாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டது. "நீதான சாமி சொன்ன, பழுக்கட்டும்னு. நல்லாப் பழுத்துடுச்சு, இப்ப எடு."

வலது கண் பால் போல வெளுத்து, சிவந்து, கல்லாட்டம் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் தாங்க முடியாத தலைவலியும் வாந்தியுமாகக் கிடந்ததாகவும், நெற்றிக்குப் பத்து போட்டதாகவும் மருமகள் சொன்னது. புரை முற்றிக் கசிந்து, கண்ணுக்குள் நீர் வெளியேறும் வழியை அடைத்து, அழுத்தம் ஏறி நரம்பைக் கொன்றுவிட்டது. டார்ச்சை மேலே காட்டினேன், கீழே காட்டினேன், இரண்டு பக்கமும் காட்டினேன். "விளக்க எப்ப சாமி ஏத்துவ?" என்று கேட்டது. சீட்டில் நோ பி.எல். எழுதினேன். இடது கண்ணில் நாலு பக்கமும் வெளிச்சம் சரியாகச் சொன்னது. அந்தக் கண்ணுக்கு ஆபரேஷன் ஆகி லென்ஸ் வைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று சந்தோஷமாக என் சட்டை நிறத்தைச் சொல்லிவிட்டு, வலது கண்ணைத் தொட்டுக் காட்டி, "இதுக்கும் ஒண்ணு வெச்சுடேன்" என்றது.

அதற்குப் பிறகு 'பழுத்தல்' என்ற சொல்லை நான் வாயால் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது என்பதும் தெரிந்தது. எனக்கு முன்னால் சொன்னவர்கள், நான் சொன்னது, வீட்டுக்கு வீடு பாட்டிமார் சொன்னது எல்லாம் ஊரில் உலவிக்கொண்டே இருந்தது. முகாமுக்கு முதல் நாள் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லும் அறிவிப்பில், "பழுக்க வேண்டியதில்லை, முன்கூட்டியே வரலாம்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். கட்டுப் போட்டு ஆறு நாள் மல்லாக்கப் படுக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தோம். பழைய முகாமில் பள்ளிக்கூடத்துத் தரையில் வரிசையாகப் படுத்துக் கிடந்தவர்களைப் பார்த்த ஊருக்கு அந்தப் பயமும் இருந்தது.

கிளாக்கோமாவின் கதை இதற்கு நேர்மாறு. அதற்கு ஊரில் பெயரே இல்லை. வலிக்காது, சிவக்காது, ஓரத்திலிருந்து பார்வையைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டு வரும். பெயர் இல்லாத நோய்க்கு யாரும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. நாங்கள் 'கண் நீர் அழுத்தம்' என்று சொன்னோம். கண்ணில் நீர் வடிகிறவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். 'கண் பிரஷர்' என்றோம். "எனக்கு பி.பி. எல்லாம் இல்ல சார்" என்று எழுந்து போனார்கள். ஷியாட்ஸ் என்ற நார்வே டாக்டர் 1905-ல் செய்த கருவியை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். நோயாளியைப் படுக்க வைத்து, மரத்துப்போகும் சொட்டு விட்டு, கருவிழி மேல் அதை மெல்ல நிறுத்தினால் முள் நகர்ந்து அழுத்தத்தைக் காட்டும். "சைக்கிள் டியூப்ல காத்து அதிகமானா என்னா ஆவும்? கண்ணுக்கும் அப்படி ஒரு காத்து இருக்கு" என்று சொன்னால் ஆண்களுக்குப் புரிந்தது. பெண்களுக்குச் சொல்ல அப்படி ஒரு உவமை எனக்குக் கடைசிவரை அகப்படவில்லை. இப்போது பெண்களும் வண்டி ஓட்டுகிறார்கள், சொல்லலாம்.

2003-ல் புதுச்சேரி தவளக்குப்பத்தில் அரவிந்த் மருத்துவமனை வந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமே ஆகிவிட்டது. பக்கத்திலேயே சிறுவங்கூரில் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. புது உதவியாளர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள், சுறுசுறுப்பானவர்கள். அவர்கள் மேசையில் இருக்கும் மெஷினில் முகவாயை வைத்தாலே கண்ணாடி நம்பர் சீட்டாக வந்துவிடுகிறது.

எனக்கும் இப்போது இரண்டு கண்ணிலும் புரை ஆரம்பம். போன மாதம் சோதனைக்குப் போயிருந்தேன். அந்தப் பெண் பார்த்துவிட்டு, "இப்பவே பண்ணிக்கலாம் ஐயா, உங்களுக்கு எப்ப தோதோ அப்ப" என்றது. மருந்துச் சீட்டோடு வீட்டுக்கு வந்தேன். வாசலில் காய்ந்த மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்து முதலில் கேட்டது: "என்னா சொன்னாங்க, பழுத்துடுச்சாமா?"